வத்தல் சல்சாவுக்கு எந்த ஒயின்? மூன்று ஞாயிற்றுக்கிழமைக் கூத்து

முதலில் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். போன வருடம் சித்திரையில் பெங்களூரிலிருந்து மைத்துனன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். மெக்சிகோ பாணியில் டாக்கோ, அதாவது சோள ரொட்டிக்குள் கறியை வைத்து மடித்துத் தின்பது, செய்து தருகிறேன் என்று வீறாப்பாக இறங்கி, கோழியை வேகவைத்து உதிர்த்து, சம்பா வத்தலைச் சுட்டு அரைத்து சல்சா என்கிற அவர்கள் ஊர்த் துவையல் ஒன்று பண்ணி, கூடவே ஜோராக இருக்கட்டுமே என்று ஒரு ஷிராஸ் சிவப்பு ஒயினையும் திறந்து வைத்தேன். பாட்டிலில் 14 சதவீதம் என்று போட்டிருந்தது. உறைப்பான சாப்பாட்டுக்குக் கனமான சரக்குதான் தாக்குப்பிடிக்கும் என்பது அன்றைக்கு என் கணக்கு.

முதல் வாய் டாக்கோ. உறைப்பு ஏறுகிறது, நல்ல உறைப்பு, தாங்கலாம். அதன்மேல் ஒரு வாய் ஒயின். அவ்வளவுதான், எரிகிற அடுப்பில் சீமெண்ணெயை ஊற்றினது போல நாக்கு முழுக்கப் பற்றிக்கொண்டது. அதோடு விட்டதா என்றால் இல்லை, பச்சை வாழைக்காயைக் கடித்தது போலக் கன்னத்தின் உள்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு துவர்ப்பு வேறு. மைத்துனன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அத்தான், இது ஒயினா ஒத்தடமா?" என்றான். கடைசியில் ஆளுக்கு ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டு அடங்கினோம். பாட்டிலில் பாதிக்குமேல் அப்படியே நின்றது.

குற்றம் ஒயின் மேலா, வத்தல் மேலா, என் மேலா என்று ஒரு வருடமாக மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் அவன் ஒரு மாத விடுப்பில் வருகிறான் என்று தெரிந்ததும், மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பாட்டில், ஒரு நோட்டு என்று முறையாக உட்கார்ந்து பார்த்துவிட்டோம். நோட்டில் மதிப்பெண் எல்லாம் போடவில்லை. "இன்னொரு வாய்", "பரவாயில்லை", "வேண்டாம்" என்று மூன்றே தரம்.

அதற்கு முன்னால் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் படித்தேன். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் நாக்குக்கு ஒரு சுவையே கிடையாது, அது ஒரு பொய்யான சூடு. சூட்டை உணர்வதற்கென்று நரம்பு முனைகளில் ஒரு வாங்கி இருக்கிறது, அதற்கு டிஆர்பிவி1 என்று பெயர். சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடு பட்டால்தான் அது விழிக்கும், கேப்சைசின் போய் உட்கார்ந்தால் சூடு இல்லாமலேயே விழித்துக்கொண்டு சுடுகிறது சுடுகிறது என்று மூளைக்கு ஆள் அனுப்பும். 1997-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்குப் பொறி தட்டியது இதற்கு அடுத்த விஷயத்தில்தான். ஆல்கஹாலும் அதே வாங்கியைத்தான் சீண்டுகிறது. அது விழிக்க வேண்டிய சூட்டின் அளவையே கீழே இறக்கிவிடுகிறது, நம் உடம்புச் சூடே போதும் என்கிற அளவுக்கு. ஆகவே 14 சதவீத ஒயினை வத்தல் சல்சாவின் மேல் ஊற்றுவது அணைக்கிற வேலை அல்ல, விசிறி விடுகிற வேலை. மைத்துனன் டெக்கீலா வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான், அது 40 சதவீதம் வரும், நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது, சிவப்பு ஒயினை அந்தத் தோலோடு நொதிக்க விடுவதால் அதில் அதிகம் இறங்கும். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வறட்டிவிடும். நாவல் பழம் தின்றவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். ஏற்கெனவே எரிகிற வாய்க்கு இந்த வறட்சி இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். மெக்சிகோச் சாமான் இங்கே கிடைக்காது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான். அவர்களுடைய சிபோட்லே என்பது பழுத்த ஹாலபேன்யோ மிளகாயைப் புகை போட்டு உலர்த்துவது. நான் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், ஒரு பழைய இரும்புச் சட்டியில் சிரட்டைக் கங்கு போட்டு, மேலே கம்பிவலை வைத்து, சம்பா வத்தலைப் பரப்பி, ஓட்டைப் பானையைக் கவிழ்த்து மூடி முக்கால் மணி நேரம் புகை காட்டினேன். சிரட்டை நன்றாகக் கங்காகி வெள்ளைச் சாம்பல் பூத்தபிறகுதான் வத்தலை வைக்க வேண்டும், கரும்புகை வரும்போது வைத்தால் சல்சாவில் தார் ரோடு வாசம் அடிக்கும். முதல் தடவை அடித்தது. அவர்கள் போடும் ஒரிகானோவுக்குப் பதில் வாசல் தொட்டியில் கிடக்கும் கற்பூரவல்லியில் இரண்டு இலை. ஒன்றுக்கு ஒன்று அச்சாகப் பொருந்தாவிட்டாலும் அந்தச் சாயல் வந்துவிடுகிறது.

டார்ட்டியா என்கிற அந்த ரொட்டிக்கு மக்காச்சோளம் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் விளைகிறது, அதை வாங்கினேன். அதை வெறுமனே மாவாக்கிப் பிசைந்தால் ஒட்டாது, ரொட்டி விண்டு விண்டு போகும். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போடுகிறார்கள், நிக்ஸ்டமால் என்று பெயர். நம் வெற்றிலைச் சுண்ணாம்பேதான் சங்கதி என்று தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். 1 கிலோ சோளம், 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுத்தமான நீற்றின சுண்ணாம்பு. வாசனை, சாயம் கலந்த சுண்ணாம்பு வேண்டாம். முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டால், காலையில் தோல் வழுவழுவென்று ஜெல்லி மாதிரி கையோடு வருகிறது. மூன்று நான்கு தண்ணீரில் அலசிவிட்டு கிரைண்டரில் போட்டேன். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கல் ஓட வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கத் தெளிக்க மாவு தோசைப் பதத்துக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் ஊறின சோளத்தை ஒரு மணி நேரம் துணியில் பரப்பி ஈரம் இழுக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒட்டினதை மரக்கரண்டியால் தள்ளித் தள்ளி அரைத்தேன். சீடை மாவை விடக் கொஞ்சம் தளர்வு, அதுதான் பதம். இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்து எவர்சில்வர் தட்டால் அழுத்தி, காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுப்பது எல்லாம் அதன்பிறகு விளையாட்டு.

பாட்டில் வாங்கப் போனது தனிக் கதை. நம் ஊரில் சாராயக் கடைக்கே ஒயின்ஷாப் என்றுதான் பேர், ஆனால் அந்தப் பேரை நம்பிப் போய் ஒயின் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். உயர்ரகச் சரக்கு வைத்திருக்கும் கடை ஒன்றில் மூன்று நடை நடந்து ஐந்து பாட்டில் தேற்றினேன். விலை எல்லாம் சேர்த்துச் சொன்னால் வீட்டில் பிரச்சினை வரும், விட்டுவிடுகிறேன்.

பாட்டிலில் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் ஆல்கஹால் அளவு. ஈஸ்ட் திராட்சையின் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் வருகிறது. முழுக்கத் தின்றுவிட்டால் ஒயின் டிரை, அதாவது இனிப்பு இல்லாதது. பாதி வழியில் நிறுத்திவிட்டால் ஆல்கஹால் குறைவு, சர்க்கரை மிச்சம். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயினில் கபினெட் என்று தரம் எழுதியிருப்பதில் பல 8, 9 சதவீதத்தோடு நின்றுவிடுவது இதனால்தான், அந்த எண்ணைப் பார்த்தாலே உள்ளே கொஞ்சம் இனிப்பு இருக்கும் என்று ஊகித்துவிடலாம். இத்தாலியின் மோஸ்காட்டோ தாஸ்டி இன்னும் கீழே, 5 சதவீதம் பக்கம், நல்ல இனிப்பு. உறைப்புக்கு உலகமெங்கும் முதலில் சிபாரிசு செய்யப்படுவது இந்த ரகம்தான். கடையில் இரண்டும் இல்லை.

அடுத்தது அந்த டிரை என்கிற வார்த்தை. ஐரோப்பியக் கணக்கில் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் டிரை, 12 வரை அரை டிரை, அதற்குமேல் 45 வரை நடுத்தரம், அதையும் தாண்டினால் இனிப்பு ஒயின். புளிப்பு அதிகம் இருந்தால் இந்த எல்லைகளில் கொஞ்சம் சலுகை உண்டு. நுரைக்கிற ஒயினில் இதே வார்த்தை வேறு கணக்கில் ஓடுகிறது, புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள், எக்ஸ்ட்ரா டிரை என்றால் 12 முதல் 17. பெயரில் எக்ஸ்ட்ரா டிரை, நாக்கில் புரூட்டை விட இனிப்பு! யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ. டெமி-செக் என்று இருந்தால் 32 முதல் 50, அதுதான் உறைப்புக்கு உதவும்.

நான் தேற்றினவை இவை: போன வருடத்து அதே ஷிராஸ், சோவினோன் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயின் ஒன்று, நாசிக்கில் செய்த செனின் பிளாங்க் என்கிற இன்னொரு வெள்ளை, இளஞ்சிவப்பு ரோஸே ஒன்று, ஒரு புரூட் நுரை ஒயின். செனின் பிரான்சின் லுவார் ஆற்றங்கரைத் திராட்சை, நாசிக்கில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுலா நிறுவனம் 2000-இல் முதன்முதலாக விற்பனைக்கு விட்டதில் செனினும் சோவினோனும் இருந்தன. இங்கே கிடைக்கும் செனின் பிளாங்கில் பெரும்பாலும் லேசாக ஒரு இனிப்பைத் தங்கவிடுகிறார்கள்.

முதல் ஞாயிறு புகை வத்தல் சல்சாவும் கோழியும். ஷிராஸ் இந்தத் தடவையும் "வேண்டாம்". ஆச்சரியமில்லை. புரூட்டை நான் பெரிதாக நம்பியிருந்தேன், சோடா குடித்தால் இதமாக இருக்கும் என்கிற மாதிரி ஒரு நினைப்பு. ஆனால் எரிகிற நாக்கில் அந்தக் குமிழி ஒவ்வொன்றும் ஊசி குத்துகிறது. காற்றடைத்த பானத்தின் சுறுசுறுப்பே ஒரு வகை எரிச்சல்தான், அது வாய்க்குள் கார்பானிக் அமிலமாகி நரம்பைச் சீண்டுகிறது, இரண்டு எரிச்சலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மைத்துனனுக்கு அது பிடித்திருந்தது, அவன் பானிபூரித் தண்ணீரைத் தம்ளரில் வாங்கிக் குடிக்கிறவன், அவன் கணக்கு தனி. செனினில் முதல் வாய் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது கடி, இரண்டாவது வாய், அப்போதுதான் கவனித்தேன், உறைப்பு குறையவில்லை, ஆனால் கூர் மழுங்கி அதன் ஓரத்தில் புகை வாசனை தனியாகத் தெரிகிறது. ஷிராஸோடு சாப்பிட்டபோது அந்தப் புகை இருந்த இடமே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் தட்டட்டி வெயிலில் நின்று போட்ட புகை அது!

நோட்டில் "இன்னொரு வாய்" என்று எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி கரண்டியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சொதிக்கு உறைப்பா இஞ்சிப் பச்சடி வைக்கோம்லா, அதத் திருப்பிப் போட்டா இது. உறைப்புக்கு இனிப்பு. இதுக்குப் போயி நோட்டு வேறயா?" என்றாள். மூன்று வாரத்துக்குப் போட்ட திட்டத்தை முதல் வாரமே ஒரு கரண்டியில் முடித்துவிட்டாள். ஆனால் யோசித்தால் சரிதான், தேங்காய்ப் பால் சொதி சாதுவானது, அதன் பக்கத்தில் புளிப்பும் இனிப்பும் உறைப்புமாக இஞ்சிப் பச்சடி இல்லாவிட்டால் இரண்டாவது கரண்டி இறங்காது. ஜோடி சேர்ப்பது நெல்லைக்காரர்களுக்குப் புதிதில்லை, கல்யாண மறுவீட்டுப் பந்தியிலேயே செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது ஞாயிறு வேறு மாதிரி போனது. மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா கடலோரத்தில் மீன் டாக்கோ பிரபலம், அந்த நாட்டின் ஒயினில் பெரும்பகுதி வருவதும் அங்கே இருக்கிற குவாதலூப்பே பள்ளத்தாக்கிலிருந்துதான். ஒயின் அவர்களுக்கும் நேற்று வந்ததல்ல, பார்ராஸ் என்ற ஊரில் 1597-இல் தொடங்கின மதுச்சாலை இன்றைக்கும் நடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வந்த சீலா மீனைத் துண்டு போட்டு மாவில் தோய்த்துப் பொரித்தேன். கூடவே பச்சைச் சல்சா. அதற்கு டொமாட்டியோ என்கிற, உறைக்குள் இருக்கும் காய் வேண்டும். நம் வரப்போரத்துச் சொடக்குத் தக்காளியின் பெரிய சகோதரன் அது, ஒரே பேரினம். ஆனால் சொடக்குத் தக்காளியைக் காயாகச் சாப்பிடக் கூடாது, பழுத்தால்தான் ஆகும், அதைப் பொறுக்கிச் சல்சா பண்ணுவதற்குள் விடிந்துவிடும். சாதாரணத் தக்காளியிலேயே செங்காயாகப் பார்த்து எடுத்துச் சுட்டு, பச்சை மிளகாய், மல்லி இலை, வெங்காயம், புளியங்குடி எலுமிச்சம்பழம் இரண்டு முழுதாகப் பிழிந்தேன்.

இரண்டு பழம் தப்பு. போன வாரம் அவ்வளவு பதவிசாக இருந்த செனின், இந்தச் சல்சாவுக்குப் பின்னால் குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிட்டது. நானும் பாட்டில் கெட்டுப்போய்விட்டதோ என்று மோந்து மோந்து பார்த்தேன். விஷயம் அதுவல்ல. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டிவிட்டால் ஒயின் தட்டையாகிவிடும், சாப்பாட்டைவிட ஒயின் ஒரு படியாவது அதிகம் புளிக்க வேண்டும். சோவினோன் பிளாங்கைத் திறந்தேன். பச்சைப் புல், கொய்யாக்காய் மாதிரி ஒரு வாசம், நறுக்கென்று புளிப்பு, இனிப்பு கிடையாது. அந்தச் சல்சாவோடு அது அப்படியே போய் ஒட்டிக்கொண்டது, மல்லி இலை வாசனையைத் தூக்கிக் கொடுத்தது. பச்சைச் சல்சாவின் உறைப்பு சுருக்கென்று வந்து போய்விடும், வத்தல் மாதிரி உட்கார்ந்து எரிக்காது, அதனால் இனிப்பு இல்லாத குறை தெரியவில்லை. பொரித்த மீனின் எண்ணெயும் உறைப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதே சோவினோனை மிச்சம் வைத்திருந்த வத்தல் சல்சாவோடு வேண்டுமென்றே ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். நாக்கில் கத்தி இறங்கினது போல.

அப்புறம் அரைக் கிண்ணம் பச்சைச் சல்சாவில் கொஞ்சம் சுட்ட தக்காளி சேர்த்து, பட்டர் ஃப்ரூட் ஒன்றை மசித்துப் போட்டு, உப்பு ஒரு சிட்டிகை கூட்டினேன். செனின் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பாட்டிலை மாற்ற வழியில்லாதபோது கிண்ணத்தை மாற்றலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உப்பு ஒயினின் கடுமையைத் தணிக்கும், கொழுப்பு உறைப்பைத் தணிக்கும். எலுமிச்சையை மட்டும் பார்த்துப் பிழிய வேண்டும்.

அந்த ஞாயிறு நடுவில் கரண்டும் போனது. வெளியே 38 டிகிரி. புத்தகங்களில் சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடி என்று எழுதியிருப்பது யாரோ குளிர்நாட்டுக்காரர் வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் பட்டாசலில் சித்திரை மாதம் வைத்த ஒயின் வெதுவெதுப்பாக, ஆல்கஹால் மூக்கில் குத்திக்கொண்டு, கசாயம் போல இருக்கும். போன வருட ஷிராஸில் பாதிக் குற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜும் நின்றுவிட்டதால் ஐஸ்காரரிடம் ஒரு பாளம் வாங்கி உடைத்து வாளியில் போட்டேன். ஐஸை மட்டும் போட்டால் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்று. தண்ணீரும் ஊற்றினால்தான் முழுதாகச் சுற்றிக்கொண்டு குளிரும். இரண்டு கை கல்லுப்பும் போட்டுச் சுழற்றினால் 15, 20 நிமிடத்தில் வெள்ளை ஒயின் 8 டிகிரிப் பக்கம் வந்துவிடுகிறது. மாவு வேலைக்காக வாங்கின குச்சி வெப்பமானியை வைத்து அளந்தேன், எனவே இது ஊகமில்லை. லேபிள் மட்டும் உரிந்து வாளியில் மிதந்தது.

குளிர்ச்சியே பாதி மருந்து. அந்தச் சூட்டு வாங்கிக்கு நிஜமாகவே குளிர்ந்த ஒன்றைக் காட்டினால் கொஞ்ச நேரமாவது வாயை மூடிக்கொள்கிறது. அம்மாவும் பிள்ளைகளும் ஒயின் பக்கம் வரவில்லை, அம்மாவுக்குக் குளிர்ந்த பதனீர், பிள்ளைகளுக்கு எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத். இனிப்பு, குளிர்ச்சி, ஆல்கஹால் பூச்சியம். எங்களில் யாரைவிடவும் அவர்கள்தான் அதிக டாக்கோ சாப்பிட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறுக்கு மோலே செய்வது என்று முடிவு. புவேப்லா, வஹாக்கா பக்கத்துக் கரிய குழம்பு, வத்தல், எள், கடலை, பட்டை, கிராம்பு, கடைசியில் சாக்லேட். சாக்லேட்டுக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டேன். மெக்சிகோக்காரர் பார்த்தால் ஒத்துக்கொள்ளமாட்டார், அவர்கள் போடுவது கசப்பும் சேர்ந்தது, கருப்பட்டி நேரடி இனிப்பு. ஆனால் வறுத்த எள்ளும் புகை வத்தலும் கருப்பட்டியும் ஆட்டுக்கறியில் சேர்ந்து கொதித்தபோது வீடே ஒரு தினுசாக மணந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, "என்னலே, கறியா பலகாரமா?" என்று கேட்டாள்.

ஷிராஸை இந்தத் தடவை 17 டிகிரிக்குக் குளிரவைத்து, நியாயமாக நடத்திப் பார்த்தேன். எரிச்சல் குறைந்தது உண்மை. ஆனால் புது வியாதி ஒன்று வந்தது. கருப்பட்டியின் இனிப்புக்குப் பின்னால் அது வெடுக்கென்று புளித்தது, பழ வாசனையே காணோம். பாயசம் சாப்பிட்டுவிட்டு ரசம் குடித்தால் ரசம் எப்படி இருக்கும், அப்படி. சாப்பாட்டில் இனிப்பு இருந்தால் ஒயினில் அதைவிடக் கூட இனிப்பு வேண்டும். ரோஸே "பரவாயில்லை". செனினும் இங்கே கொஞ்சம் இளைத்துத்தான் போனது.

அன்றைக்குத்தான் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் வந்தான். பாட்டில்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "உமக்கு எதுக்கு வே இந்த வேலை? எங்க அம்மா கிறிஸ்மஸுக்குப் போட்ட திராட்சரசத்துல மிச்சம் கிடக்கு, குடிச்சுப் பாரும்" என்று போய் எடுத்தே வந்துவிட்டான். கம்பம் பன்னீர் திராட்சை, சீனி, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கினது, அந்த ரோஜா வாசனைதான் அதன் சொத்து. குடித்தால் இனிப்பு தூக்கல், ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம், துவர்ப்பு கொஞ்சம். தனியாக ஒரு தம்ளர் குடிக்கச் சொன்னால் நான் குடிக்கமாட்டேன், திகட்டும். ஐஸ் வாளியில் வைத்து 12 டிகிரிக்குக் கொண்டுவந்து மோலேயோடு குடித்தோம். யாரும் பேசவில்லை. குழம்பில் இருந்த கிராம்பும் திராட்சரசத்தில் இருந்த கிராம்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டதுபோல் இருந்தது. உறைப்பு தொண்டைக்குப் போகும்வரை தொந்தரவு பண்ணவில்லை. நோட்டில் மைத்துனன் தானாகவே வாங்கி "இன்னொரு வாய்" என்று எழுதி, இரண்டு கோடு போட்டுவைத்தான். நண்பன் முகத்தில் இருந்த பெருமையை என்ன சொல்ல, அவன் அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு தார்சாவுக்குப் போய்விட்டான்.

இப்போது என் கடைப் பட்டியல் சின்னதாகிவிட்டது. வத்தல் சல்சா என்றால் செனின், ரீஸ்லிங் எதுவானாலும் கொஞ்சம் இனிப்பு தங்கினதாக, 12 சதவீதத்தை ஒட்டியோ கீழேயோ. பச்சைச் சல்சாவும் மீனும் என்றால் சோவினோன். மோலேவுக்கு இனிப்பான சிவப்பு, குளிரவைத்து. கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்கிற வெள்ளை ஒயின் கிடைத்தால் அதையும் மோலேவோடு பார்க்க வேண்டும், அதிலும் ரோஜா வாசம் உண்டு. டெமி-செக் நுரை ஒன்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் என் குமிழி வெறுப்பை மறுபரிசீலனை செய்யத் தயார்.

மிச்ச ஷிராஸ் பாட்டிலைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மைத்துனன் ஊருக்குப் போன மறுநாள் ராத்திரி ஆட்டு ஈரல் வறுத்தாள் மனைவி, சின்ன வெங்காயம், உப்பு, மிளகு தட்டிப்போட்டது கொஞ்சம், வத்தல் கிடையாது. பாட்டிலை வெளியே எடுத்து வைத்து, வெப்பமானி 17 காட்டினதும் ஒரு தம்ளர் ஊற்றினேன். அவ்வளவு நல்ல ஒயின் அது. உடனே மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப போன வருசம் ஒயின் மேல தப்பில்லியா அத்தான்?"

இல்லை என்றேன்.

"வத்தல் எத்தன போட்டிய?"

பதினாறு.